ஏர்பிரஷ்ஷுக்கு அக்ரிலிக்: எந்தப் பெயின்ட், எதில் கரைப்பது, எவ்வளவு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 0.3 மில்லிமீட்டர் முனை உள்ள ஏர்பிரஷ்ஷும் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் சிறு கருவி) அதற்குக் காற்று தரும் ஒரு சிறிய கம்ப்ரஸரும் வாங்கியிருக்கிறீர்கள். 1/48 அளவில், அதாவது உண்மையின் 48-இல் ஒரு பங்கு அளவில், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை ஒட்டி முடித்து, வண்ணம் அடிக்க உட்கார்ந்தீர்கள். கையில் இருந்த அக்ரிலிக் பெயின்ட்டில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றியதும் அது தயிர் போலத் திரண்டு முனையை அடைத்துக்கொண்டது. அடுத்த புட்டியில் குழாய்த் தண்ணீரைக் கலந்தீர்கள்; அது இறக்கையின் மேல் முத்து முத்தாக நின்று, காற்று பட்டதும் சிலந்திக்கால் போல நாலாபக்கமும் ஓடியது. மூன்றாவது முயற்சியில் ஒருவழியாக வண்ணம் பிடித்தது. ஆனால் தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. மாஸ்கிங் டேப்பை எடுத்தபோது வண்ணமும் கூடவே உரிந்து வந்தது. எந்தப் பெயின்ட் வாங்கலாம், எத்தனைக்கு எத்தனை தின்னர் (பெயின்ட்டை நீர்க்கவைக்கும் திரவம்), கம்ப்ரஸரை எந்த அழுத்தத்தில் வைப்பது, கெட்டுப்போன இறக்கையை மீட்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

மீட்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தத் தயிர் எப்படி உண்டானது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மற்றவை பாதி புரிந்த மாதிரி.

'அக்ரிலிக்' என்பது ஒரு பெயின்ட்டின் பெயர் அல்ல, ஒரு பிசினின் பெயர். அந்தப் பிசின் எதில் இருக்கிறது என்பதைப் புட்டியின் முன்பக்கம் பெரும்பாலும் சொல்வதில்லை. மாடல் கட்டுபவர்கள் கையில் புழங்கும் அக்ரிலிக்கில் இரண்டு குலம் உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்று, குணம் வேறு.

முதல் குலம் நீர்வகை. ஸ்பெயினின் வயேஹோ (நம்மூரில் பலர் வலேஜோ என்கிறார்கள்), ஏகே நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை வரிசை, சிட்டடெல், இத்தாலியின் லைஃப்கலர் ஆகியவை இதில் சேரும். இவற்றில் பிசின் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. பாலில் கொழுப்பு மிதப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆவியாகப் போகப் போக உருண்டைகள் நெருங்கி, ஒன்றோடொன்று அழுந்திப் படலமாகிவிடுகின்றன. ஒருமுறை படலமானால் பிறகு தண்ணீர் அதைக் கரைக்காது. உருண்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் மிதப்பதற்கென்றே சில பொருட்களைத் தொழிற்சாலையில் சேர்த்திருப்பார்கள். ஆல்கஹால் அந்தக் காவலைக் கலைத்துவிடுகிறது. பால் பண்ணைகளில் பாலோடு ஆல்கஹால் கலந்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு; புளிக்கத் தொடங்கிய பால் உடனே திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கிண்ணத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுவேதான். பெயின்ட் பழுதில்லை, ஏர்பிரஷ்ஷும் பழுதில்லை. சேரக்கூடாத இரண்டு சேர்ந்துவிட்டன.

இரண்டாவது குலம் ஆல்கஹால் வகை. ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் எக்ஸ், எக்ஸ்எஃப் எண் கொண்ட கண்ணாடிப் புட்டிகளும், மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையும் இந்த வகை. இவற்றில் பிசினைத் தாங்கி நிற்பதில் ஆல்கஹாலுக்கும் கிளைகால் ஈதர் போன்ற மெதுவாக ஆவியாகும் திரவங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. தண்ணீரோடும் இவை கலக்கும். தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம் என்று போட்டிருப்பதால் இவற்றையும் நீர்வகை என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. டாமியாவுக்கு ஆல்கஹால் ஒத்துப்போகிறது என்று எங்கோ படித்தவர் அதே ஆல்கஹாலை வயேஹோவில் ஊற்றுகிறார், முனை அடைக்கிறது.

லேக்கர் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மிஸ்டர் கலர், டாமியாவின் எல்பி வரிசை போன்றவை. அழகாகப் படியும், இறுகப் பிடிக்கும். ஆவி மிகக் கடுமை. வெளியேற்றும் விசிறியும் முகமூடியும் இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள். இந்தப் பதிலில் முக்கியமாகப் பிரைமருக்குத்தான், அதாவது வண்ணத்துக்கு முன் பிளாஸ்டிக்கின் மேல் அடிக்கும் அடிப்பூச்சுக்குத்தான், அதைத் தொடுகிறேன்.

கையில் இருக்கும் புட்டி எந்தக் குலம் என்று தெரியவில்லையா? மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். ஆல்கஹால் வகை மருத்துவமனை வாடையோடு சட்டென்று மூக்கில் ஏறும். நீர்வகையில் சுவர்ப் பெயின்ட்டின் மெல்லிய வாடைதான் இருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால், பழைய மூடி ஒன்றில் இரண்டு சொட்டுப் பெயின்ட்டை விட்டு, இரண்டு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்த்துப் பல்குத்தும் குச்சியால் கலக்குங்கள். ஒரு நிமிடம் பொறுத்துக் குச்சியைத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய கோடாக வழிந்தால் அது ஆல்கஹால் வகை. சளி போல இழுபட்டாலோ குருணை குருணையாகத் திரண்டாலோ அது நீர்வகை. புதிய பெயின்ட் எது வாங்கினாலும் கிண்ணத்தில் ஊற்றுவதற்கு முன் இதை நான் செய்துவிடுவேன்.

ஆல்கஹால் என்றதும் ஒரு எச்சரிக்கை. கைகழுவும் சானிடைசரைத் தின்னராகப் பயன்படுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கலவையிலேயே 1.45 சதவீதம் கிளிசரால் இருக்கிறது. கடைச் சரக்கில் வாசனையும் கூழாக்கும் பொருளும் வேறு இருக்கும். கிளிசரால் காயாது. வண்ணம் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். 99 சதவீதம் என்று எழுதியிருக்கும் சுத்தமான ஐசோபுரோப்பைல்தான் வேண்டும். மின்னணுப் பொருட்கள் விற்கும் கடைகளில் சர்க்யூட் பலகை துடைப்பதற்கென்று கிடைக்கும்.

இனி இரண்டாவது கோளாறு. தண்ணீர் ஏன் முத்து முத்தாக நின்றது? தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு அது சுமார் 22 மட்டுமே. மாடல் செய்யும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கின் மேல் தண்ணீர் பரவுவதைவிடத் தன்னையே இறுக்கிக்கொண்டு நிற்கத்தான் விரும்பும். தாமரை இலைத் தண்ணீர் கதைதான். அதனால் நீர்வகைப் பெயின்ட்டை வெறும் தண்ணீரில் கரைத்தால் இரண்டு நட்டம். பிசின் அளவுக்கு மேல் நீர்த்துப் பிடிமானம் போய்விடும். பரப்பில் படர்வதற்கு உதவும் பொருட்களும் நீர்த்துப்போகும். அந்தந்த நிறுவனத்தின் ஏர்பிரஷ் தின்னரில் இவற்றைக் கணக்குப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். ஃப்ளோ இம்ப்ரூவர் என்று தனியாக விற்கும் சிறு புட்டியின் வேலையும் இழுவிசையைக் குறைப்பதுதான். கூடவே முனையில் பெயின்ட் உலர்வதையும் கொஞ்சம் தள்ளிப்போடும். கிண்ணத்துக்கு இரண்டு மூன்று சொட்டுப் போதும். தண்ணீர் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் காய்ச்சி வடித்த நீர் நல்லது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு உலர்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பக்கெட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

டாமியா வகைக்கு நிறுவனத்தின் எக்ஸ்-20ஏ தின்னரே போதும். ஐசோபுரோப்பைலும் வேலை செய்யும். ஆனால் அது விரைவாகப் பறந்துவிடும். வெப்பம் மிகுந்த ஊரில் அது தொல்லை. டாமியா அக்ரிலிக்கை மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் கரைப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். அது லேக்கருக்கான தின்னர். உள்ளே மெதுவாக ஆவியாகும் திரவம் சேர்ந்திருப்பதால் துளிகள் இறக்கையில் விழுந்த பிறகும் சற்று நேரம் ஈரமாகவே இருந்து, ஒன்றோடொன்று கலந்து மட்டமாகப் படுத்துக்கொள்கின்றன. பிளாஸ்டிக்கையும் இலேசாகக் கடித்துப் பிடிக்கும். ஆவி கடுமை என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

இரும்புக்கடையில் மரச்சாமான் பாலிஷுக்கு விற்கும் என்சி தின்னரை மாடலின் மேல் அடிக்கும் பெயின்ட்டில் கலக்கவே கூடாது. அது பாலிஸ்டைரினைக் கரைத்துக் குழி விழச் செய்துவிடும். ஏர்பிரஷ்ஷின் உலோகப் பாகங்களைக் கழற்றிக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ரப்பர் வளையங்களை அதில் ஊறப்போடாதீர்கள்.

மூன்றாவது கோளாறான சொரசொரப்புக்கு வருகிறேன். நான் கட்டிய முதல் போர் டாங்கி மாடலுக்குச் சென்னையில் ஒரு மே மாத மதியம் இரண்டு மணிக்கு வண்ணம் அடித்தேன். மேலே மின்விசிறி முழுவேகத்தில் ஓடியது. ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஓடிவிடக்கூடாதே என்ற பயத்தில் அழுத்தத்தையும் ஏற்றி வைத்திருந்தேன். முடித்துவிட்டு விரலை வைத்தால் முறுக்கு மாவைத் தொட்டது போல நறநறவென்று இருந்தது. டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தின் சரிவில் விரல் பட்ட இடத்தில் மட்டும் பொடி உதிர்ந்து, கீழே பிளாஸ்டிக் தெரிந்தது. துளிகள் மாடலைத் தொடுமுன் காற்றிலேயே பாதி உலர்ந்துவிட்டன என்பது அன்று எனக்குத் தெரியாது. பெயின்ட்டைத்தான் மாற்றினேன், அடுத்த முறையும் அதே சொரசொரப்பு. நேரத்தை மாற்றிய பிறகுதான் சரியானது.

ஐரோப்பியரும் ஜப்பானியரும் எழுதும் குறிப்புகள் இருபது டிகிரி அறைக்கு எழுதப்பட்டவை. அவர்கள் சொல்லும் விகிதமும் தூரமும் நம் கோடைக்கு அப்படியே பொருந்தாது. என் வழக்கத்தைச் சொல்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு மேல் ஏழு மணிக்குள் வண்ணம் அடித்து முடித்துவிடுவேன். விசிறியை நிறுத்திவிடுவேன், அது புழுதியையும் கொண்டுவந்து ஈர வண்ணத்தில் ஒட்டிவிடுகிறது. தின்னரை அவர்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் கூட்டுவேன். தூரத்தைக் குறைப்பேன்: இறக்கை முழுவதும் நிரப்பும்போது ஆறேழு சென்டிமீட்டர், மெல்லிய கோடு போடும்போது இரண்டு சென்டிமீட்டர். உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைக் கலவைக்கு ஐந்து சதவீதம் சேர்ப்பேன். அதற்கு மேல் போனால் நாளெல்லாம் காயாமல் கைரேகை பதியும்.

மழைக்காலத்தில் சிக்கல் வேறு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது அந்த ஈரம் குழாய்க்குள் தண்ணீராகத் திரண்டு, நல்ல நேரம் பார்த்து இறக்கையில் ஒரு சொட்டுத் துப்பும். உங்கள் கம்ப்ரஸரில் தொட்டி இல்லை என்றால், ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். கைப்பிடிக்கு அருகில் மாட்டும் சிறு வடிகட்டியும் கிடைக்கும். வண்ணத்தின் மேல் நிறமில்லாமல் அடிக்கும் பளபளப்பான கிளியர் கோட், அதிலும் லேக்கர் வகை, மழை நாளில் அடித்தால் பால் படிந்தது போல வெளுத்துப்போகும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதால் வருவது அது. வெயில் வரும் நாளுக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: எத்தனைக்கு எத்தனை?

எண் கேட்டால் எண் தருகிறேன். டாமியா எக்ஸ்எஃப் மட் (பளபளப்பில்லாத) வண்ணங்களுக்கு, ஒரு பங்கு பெயின்ட், ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு எக்ஸ்-20ஏ. மெல்லிய கோடுகளுக்கும் நிழல் போடுவதற்கும் ஒன்றுக்கு இரண்டு, சில சமயம் மூன்று. மிஸ்டர் ஹாபி அக்வியஸும் அப்படியே. வயேஹோவில் மாடல் கலர் என்பது தூரிகைக்கானது. கெட்டியாக இருக்கும், அவர்களுடைய ஏர்பிரஷ் தின்னரைச் சமபங்கு சேர்த்துத் தொடங்குங்கள். மாடல் ஏர் என்பது ஏர்பிரஷ்ஷுக்கென்றே நீர்க்கச் செய்யப்பட்டது. அப்படியே ஊற்றலாம் என்பார்கள், 0.3 முனையில், நம் வெப்பத்தில், பத்துச் சொட்டுக்கு இரண்டு மூன்று சொட்டுத் தின்னரும் ஒரு சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவரும் இல்லாமல் நான் அடிப்பதில்லை.

ஆனால் இந்த எண்களைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் திறந்து திறந்து மூடிய புட்டியில் பாதித் திரவம் பறந்துபோயிருக்கும்; அதற்கு ஒன்றுக்கு ஒன்று போதாது. நிறத்துக்கு நிறமும் மாறும். வெள்ளையில் உள்ள டைட்டானியம் டையாக்ஸைடு கனமான பொடி, அடியில் விரைவாகத் தங்கிவிடும். மஞ்சளும் சிவப்பும் அடித்தளத்தை எளிதில் மறைக்காது; மறைக்கவேண்டுமே என்று கெட்டியாக அடித்தால் கெட்டது. கீழே வெள்ளையோ இளஞ்சிவப்போ ஒரு கை அடித்துவிட்டு மேலே மெல்லியதாக ஏற்றுவதுதான் வழி. உலோக நிறங்களில் மினுக்குத் துகள் பெரியது, 0.5 முனை இருந்தால் அதில் அடியுங்கள்.

கலவை பதமாக வந்துவிட்டதா என்பதைக் கண் சொல்லும். சிறிய கிண்ணத்தில் தனியாகக் கலக்குங்கள், ஏர்பிரஷ் கிண்ணத்தில் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்சு அளப்பதற்கு வசதி. 1/48 போர்விமானத்துக்கு ஒரு நிறத்துக்கு ஒரு மில்லிப் பெயின்ட்டோடு தொடங்கினால் பெரும்பாலும் வீணாகாது. கலக்கியதும் குச்சியால் கிண்ணத்தின் உட்சுவரில் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பாருங்கள். சுவரில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால் இன்னும் கெட்டி. மறுகணமே வழிந்து சுவர் வெறுமையானால் அளவுக்கு மீறி நீர்த்துவிட்டது. மெதுவாக இறங்கி, இறங்கிய வழியில் உள்ளே வெளிச்சம் தெரியும்படி ஒரு மெல்லிய படலம் விட்டுச் சென்றால் அதுதான் பதம். காய்ச்சாத பாலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து டம்ளரைச் சாய்த்தால் கண்ணாடியில் எப்படி இறங்குமோ அப்படி.

கலக்குவதற்கு முன் புட்டியின் அடியைச் சுரண்டிக் கிளறுங்கள். மட் தன்மை தரும் பொடி அடியில்தான் படிந்திருக்கும். கிளறாமல் மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் மட் பெயின்ட் பளபளவென்று வரும். டாமியா கண்ணாடிப் புட்டியைக் குலுக்காதீர்கள், குச்சியால் கிளறுங்கள். குலுக்கினால் பெயின்ட் மூடியின் மரையில் ஏறி உலர்ந்து, அடுத்த மாதம் மூடியைத் திறக்க இடுக்கி தேடவேண்டியிருக்கும். வயேஹோ சொட்டுப் புட்டிக்கு மாறாகக் குலுக்கல்தான் வழி. உள்ளே ஒரு துருப்பிடிக்காத சிறு உருண்டையைப் போட்டு ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். ஏர்பிரஷ் கிண்ணத்தில் முதலில் இரண்டு சொட்டுத் தின்னர், அதன்மேல் கலவை. கெட்டிப் பெயின்ட் நேராக ஊசியின் மேல் உட்கார்ந்து அடைப்பதை இது தடுக்கும்.

அழுத்தம் பற்றி. டாமியா வகைக்கு 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), அதாவது ஏறத்தாழ ஒரு பார். நீர்வகைக்கு 18 முதல் 25 வரை. நீர்வகை இழுவிசை கூடியது, உடைந்து தூவலாக அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். மெல்லிய வேலைக்கு, நன்றாக நீர்த்த டாமியா கலவையில், 10 அல்லது 12 வரை இறங்கலாம். அழுத்தமானியைப் பார்க்கும் முறைதான் பலருக்குத் தவறுகிறது. பொத்தானை அழுத்தாமல் 20 காட்டும் மானி, காற்று ஓடும்போது 15-க்கு இறங்கிவிடும். காற்று ஓடும்போது காட்டுவதுதான் கணக்கு.

முதலில் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றில் அடித்துப் பாருங்கள். காகிதத்தில் சோதிக்காதீர்கள், காகிதம் உறிஞ்சிக்கொண்டு, கலவை சரியாக இருப்பது போலக் காட்டிவிடும். ஸ்பூனை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை அடியுங்கள். தூவல் விழுந்த இடம் ஈரமாக ஒரு மினுக்கு மினுக்கி, நாலைந்து நொடியில் அந்த மினுக்கு ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கி மறைந்து மட்டாக வேண்டும். மினுக்கே தெரியாமல் உடனே மட்டானால் வறண்டு விழுகிறது: நெருங்கிப் பிடியுங்கள், அல்லது தின்னர் சேருங்கள், அல்லது அழுத்தத்தைக் குறையுங்கள். மினுக்கு நீங்காமல் குளமாகத் தேங்கினால் கையை வேகமாக நகர்த்துங்கள், பெயின்ட்டைக் குறைத்து விடுங்கள். சிலந்திக்கால் ஓடினால் நீர்மை கூடிவிட்டது அல்லது அழுத்தம் கூடிவிட்டது. புள்ளி புள்ளியாகத் துப்பினால் கலவை கெட்டி, அல்லது ஊசி நுனியில் உலர்ந்த பெயின்ட் ஒட்டியிருக்கிறது. நீர்வகையில் இரண்டாவது அடிக்கடி நடக்கும். தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நுனியைத் துடைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அழுத்தத்தையும் தின்னரையும் சேர்த்து மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாது.

ஸ்பூனில் சரியாக வந்ததும் இறக்கைக்குப் போங்கள். முதல் கை பட்டும் படாமலும் ஒரு பனி போல. பிளாஸ்டிக் இன்னும் தெரியும், தெரியட்டும். அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது கை. ஒரே கையில் மூடிவிடவேண்டும் என்ற அவசரத்தில்தான் பேனல் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்) தூர்ந்துபோகின்றன.

உரிந்து வந்ததற்குக் காரணம் பெயின்ட்டுக்குக் கீழே இருக்கிறது. பிளாஸ்டிக் சட்டங்களில் அச்சிலிருந்து எளிதாக விடுபடப் பூசிய எண்ணெய்ப்பசை தங்கியிருக்கலாம். உங்கள் கைப்பசையும் சேர்ந்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைத்துவிட்டுப் பிரைமர் அடியுங்கள். நீர்வகைப் பெயின்ட்டுக்குப் பிரைமர் இல்லாமல் முடியவே முடியாது. என் தேர்வு மிஸ்டர் சர்ஃபேசர் 1500; லெவலிங் தின்னரில் ஒன்றுக்கு இரண்டாகக் கரைத்து அடித்தால் கண்ணாடி போலப் படியும், பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கும். லேக்கர் ஆவி வேண்டாம் என்றால் நீர்வகைப் பாலியூரித்தேன் பிரைமர் இருக்கிறது. அது முழு இறுக்கம் பெற ஒரு முழு நாள் விடுங்கள். அதற்குள் உப்புத்தாள் போட்டால் தோல் போலச் சுருண்டு வரும். மேலே அடித்த நீர்வகை வண்ணத்துக்கும் டேப் ஒட்டுமுன் ஒரு நாள். டேப்பை ஒட்டுமுன் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடித்துப் பரப்பை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள்.

ஆவி, தூவல் பற்றி இரண்டு வரி. நீர்வகையில் வாடை இல்லை என்பதற்காக மூச்சில் இழுத்துவிடாதீர்கள். பிசின் தூவல் நுரையீரலுக்குத் தீங்குதான். என்95 முகமூடி துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆல்கஹாலும் லேக்கரும் அடிப்பவர்கள் கரிம ஆவியைத் தடுக்கும் குப்பி பொருத்திய முகமூடி வாங்குங்கள், ஜன்னல் வழியே வெளியேற்றும் விசிறியும் வையுங்கள். அறைக்குள் பூஜை விளக்கோ ஊதுபத்தியோ எரிந்துகொண்டிருக்கும்போது தொடங்காதீர்கள்.

எதை வாங்குவது? ஏர்பிரஷ் பழகும் ஒருவருக்கு ஆல்கஹால் வகையைத்தான் சொல்வேன். முனையில் உலர்வது குறைவு, பிடிமானம் நன்றாக இருக்கும், தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். நீர்வகையைத் தூக்கிப் போடாதீர்கள். விமானி, இருக்கை, கருவிப் பலகை என்று தூரிகையால் தீட்டுவதற்கு அதைவிட நல்லது கிடையாது. குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்து, காற்று வெளியேற வழியில்லாதவர்களுக்கு நீர்வகைதான் பொருத்தம். அவர்கள் மாடல் ஏரில் தொடங்கட்டும், பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பதினாறு புட்டி கொண்ட பெட்டிகளை இப்போது வாங்காதீர்கள். பாதி நிறம் திறக்கப்படாமலே கெட்டியாகும்.

உங்கள் ஸ்பிட்ஃபயருக்கு மூன்று புட்டி போதும். மார்க் 9 பணிக்கு வந்தது 1942-இல். பிரிட்டன் விமானப்படை தன் பகல் போர்விமானங்களுக்கு 1941 ஆகஸ்டில் கொண்டுவந்த நிறத்திட்டம்தான் அதற்குரியது: மேலே ஓஷன் கிரே, டார்க் கிரீன், அடியில் மீடியம் சீ கிரே. டாமியாவில் இவை முறையே எக்ஸ்எஃப்-82, எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-83. கூடவே 250 மில்லி எக்ஸ்-20ஏ ஒன்று. சிறு புட்டிகள் கட்டுப்படியாகாது. தின்னர் எரியும் திரவம் என்பதால் வெளிநாட்டிலிருந்து விமானத் தபாலில் வரவழைப்பது தொல்லை, உள்நாட்டுக் கடைகளில் இருப்பு வரும்போது வாங்கி வைத்துவிடுங்கள்.

பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் உள்ள விளிம்பைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். உண்மையான விமானத்தில் அந்த விளிம்பு 2.5 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலாக இருந்தால்கூட, 1/48-இல் அது அரை மில்லிமீட்டர்தான். வெறுங்கையால் முயல்வதானால் ஒன்றுக்கு இரண்டு கலவை, 12 பிஎஸ்ஐ, ஊசி பரப்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அருகில். முதலில் விளிம்பை மட்டும் கோடாக வரைந்துவிட்டு, பிறகு உள்ளே நிரப்புங்கள். ஏர்பிரஷ்ஷை எப்போதும் நிரப்பும் பக்கம் நோக்கியே சாய்த்துப் பிடித்தால் மறுபக்கம் தூவல் படியாது.

கடைசியாக அந்த இறக்கை. அதன்மேல் இருப்பது நீர்வகைப் பெயின்ட்தானே? 99 சதவீத ஐசோபுரோப்பைலைத் தட்டையான டப்பாவில் ஊற்றி, அதில் துணியை நனைத்து இறக்கையின் மேல் கால் மணி நேரம் போர்த்திவையுங்கள். வண்ணம் சுருங்கி மேலெழும்பும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பேனல் கோட்டின் போக்கிலேயே தேய்த்தால் வந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒளிபுகும் விமானிக் கூண்டின் மேல் மட்டும் ஆல்கஹால் படவேண்டாம், மயிரிழை போல விரிசல் விடலாம். ஒட்டியிருந்தால் டேப்பால் நன்றாக மூடிவிடுங்கள். பேனல் கோடுகளில் தங்கியதைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிரைமர்.